வலி போய்விட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. இடது கண்ணைத் திருப்பினாலே சுரீரென்று வலி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டோம், கேட்கவில்லை. கோவையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கண்ணை அசைக்கும் தசையில் அழற்சி என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே நாளில் வலி போய்விட்டது. 'முகம் ஊதிப்போகும், நிறுத்திட்டு நந்தியாவட்டைச் சாறு விடு' என்கிறார் அவளுடைய அமுச்சி (என் அம்மா). நிறுத்தலாமுங்களா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறுத்த வேண்டாமுங்க. வலி மூன்று நாளில் அடங்கியது நல்ல சேதி. இந்த நோய் ஸ்டீராய்டுக்கு அப்படித்தான் சட்டென்று கட்டுப்படும். ஆனால் வலி அடங்கிய பிறகும் தசைக்குள் அழற்சி மிச்சமிருக்கும். அவசரப்பட்டு நிறுத்தினால் இது திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. அதில் ஒன்று வீங்கினாலும் கண்ணைத் திருப்பும்போது வலிக்கும், இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காமல் போகும். மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் பீளையும் இருக்கும், பார்வை இரட்டையாகாது. தைராய்டு கோளாறாலும் இந்தத் தசைகள் பருக்கும், ஆனால் கண்ணோடு ஒட்டுகிற தசைநாண் பெரும்பாலும் தப்பிவிடும். அழற்சியில் அதுவும் சேர்ந்து வீங்கும். ஸ்கேன் எடுத்தது இதையெல்லாம் பிரித்தறியத்தான். முக்கியமாக, சைனஸிலிருந்து கண்குழிக்குள் சீழ் பரவியிருந்தால் ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பது ஆபத்து.

வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அளவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். சில வாரம் மாத்திரை சாப்பிட்ட உடம்பில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் சோர்வு, வாந்தி, மயக்கம் வரலாம். அதனால் அளவைக் குறைப்பதும் வைத்தியத்தில் ஒரு பாதி. குறைக்கும்போது வலி திரும்பினால் நீங்களாகக் கூட்டிக் கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி திரும்பினால் மறுபடி ஸ்கேன், தேவைப்பட்டால் தசைத் துணுக்குப் பரிசோதனை செய்வார்கள். சில கட்டிகளும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கும். அழற்சிதான் என்று உறுதியானால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன.

அமுச்சி சொல்வதில் பாதி சரி. முகம் ஊதும், பரு வரும், எரிச்சல்படுவாள். இந்த வயதுப் பெண்ணுக்கு நோயைவிட இதுதான் பெரிய துக்கம். மாத்திரை குறையக் குறைய முகம் பழையபடி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பசி அதிகமெடுக்கும், பேக்கரி பப்ஸ், ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்து மோர், ராகி, கீரை கொடுங்கள். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகக் கொடுப்பதே வழக்கம். ரத்தச் சர்க்கரையோடு கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெயில் காலத்தில் ஊருக்குள் யார் வீட்டிலாவது சின்னம்மை போட்டிருந்தால் அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அப்படிப் பழகிவிட்டாள் என்று தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவளுக்கு முன்பு அம்மையோ அதற்கான தடுப்பூசியோ இல்லையென்றால் இது மிக அவசரம்.

நந்தியாவட்டைச் சாறு கண்ணின் மேலேதான் நிற்கும், பின்னாலிருக்கும் தசைக்குப் போகாது. சுத்தமில்லாத சாற்றால் கிருமி புகுந்தால், ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பு அதை எதிர்க்கத் திணறும்.

பார்வை இரட்டையாக இருக்கும்வரை சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். படிக்கும்போது மருத்துவரைக் கேட்டு ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், பார்வை மங்கல், சிவப்பு நிறம் வெளிறித் தெரிவது, கண் முன்தள்ளுவது - இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றிரவே கோவைக்கு வண்டி பிடியுங்கள்.