டேலி சென்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாகச் சிகாகோ போயிருந்தேன். டேலி சென்டரைப் பார்த்து ஏதோ துருப்பிடித்த ஆபீஸ் கட்டடம் என்று நினைத்தேன். சிகாகோ அடங்கிய குக் கவுன்டி என்ற மாவட்டத்தின் கோர்ட்டே அதுதானாம். தூண் இல்லை, படிக்கட்டு இல்லை, இப்படி ஒரு கோர்ட்டை ஜனங்கள் எப்படி மதிப்பார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் தேடும் தூண்கள் கிளார்க் தெருவுக்கு எதிர்ப்பக்கமே இருக்கின்றன. 1911இல் கட்டி முடித்த நகர, கவுன்டி அலுவலகம் அது. கம்பீரமான கட்டடம்தான், ஆனால் நடைபாதை வரைக்கும் அடைத்துக்கொண்டு நிற்கிறது, வாசலில் நாலு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை.

1965இல் வந்த டேலி சென்டர் அப்படிச் செய்யவில்லை. ஊரின் நட்டநடுவில் ஒரு முழு பிளாக் கையில் இருந்தும், கட்டடத்தை வடக்கே ஒதுக்கிவிட்டு மிச்சத்தையெல்லாம் கருங்கல் பாவிய திறந்தவெளியாக விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோர்ட்டில் பாதி அந்த வெளிதான். ஆர்ப்பாட்டம் நடப்பது அங்கே, விவசாயிகள் காய்கறி கொண்டுவந்து விற்பது அங்கே, கிறிஸ்துமஸ் சந்தையும் அங்கேதான். 1967இல் திறந்துவைத்த பிக்காசோவின் 50 அடிச் சிற்பமும் அங்கேதான் நிற்கிறது. அதற்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தபோது வாங்காமல் ஊருக்கே பரிசாகக் கொடுத்தார் பிக்காசோ. ஆரம்பத்தில் நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை, எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வைக்கலாம் என்றார் ஒரு கவுன்சிலர். இப்போது அந்தப் பிக்காசோ சிற்பத்தின் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள், அம்மாவோ அப்பாவோ மேலே ஏதோ வழக்குக்கு வந்திருப்பார்கள்.

அப்புறம் அந்தத் துரு. சிற்பம், கட்டடம் இரண்டுமே கார்-டென் என்ற எஃகு. மேலே படிகிற துருவே உள்ளே அரிப்பு இறங்காமல் காக்கும், பெயின்ட் அடிக்க வேண்டாம், வருஷம் போகப் போக நிறம் கருத்துக்கொண்டே வரும். வடிவமைத்த ஜாக் பிரவுன்சன் தூணுக்குத் தூண் 87 அடி இடைவெளி விட்டார். கோர்ட் அறைக்கு நடுவே தூண் நின்று சாட்சியை மறைக்கக் கூடாதே! அறைகளைப் பின்னால் மாற்றிக் கட்டவும் வசதி. அந்த அறைகளுக்கு உயரமான கூரை வேண்டும் என்பதால் 31 மாடியே 648 அடி போய்விட்டது.

அடுத்த தடவை போனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வேலை நாளாகப் பார்த்துப் போங்கள், வாசலில் சோதனை முடிந்ததும் லிஃப்ட் ஏறி ஏதாவது ஒரு கோர்ட்டில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பெரும்பாலான விசாரணைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.