வெளுத்த இறக்கையை நம்பலாமா?

கேள்வி: எங்கள் அல்ட்ராலைட் விமானத்தின் டேக்ரான் இறக்கையில் கிழிசல் எதுவும் இல்லை. நிறம்தான் வெளுத்திருக்கிறது. தொடர்ந்து பறக்கலாமா?

பதில்: கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டேக்ரான் ஒரு பாலியெஸ்டர் துணி. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு, கிழியாமலே நொய்ந்துபோகும். பெட்ஸோமீட்டர் என்ற, துணியின் வலுவை இழுத்துப் பார்க்கும் கருவியின் 1.2 மி.மீ. ஊசியைத் துணியில் குத்தி, 1360 கிராம் காட்டும்வரை மெதுவாக இழுங்கள் (உங்கள் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு). துளை நீண்டு கிழிந்தால் துணியை மாற்ற வேண்டியதுதான். வெயில் அதிகம் படும் மேற்பரப்பில் சோதியுங்கள். அடிப்பக்கம் எப்போதும் நல்ல பிள்ளைதான்! தையலையும் விடாதீர்கள், துணிக்கு முன்பே நூல் இற்றுப்போவதும் உண்டு.

அப்படியே இறக்கைத் துணியின் ஜிப்பைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே உள்ள அலுமினியக் குழாய்களைப் பாருங்கள். நசுங்கல், போல்ட் துளையோரம் விரிசல், அரிப்பின் வெள்ளைப் பொடி ஏதும் தெரிந்தால் பறக்க வேண்டாம். வளைந்த குழாயை நிமிர்த்திப் போடுவது ஆபத்து, மாற்றுங்கள். கம்பி வடத்தைத் துணியால் உருவுங்கள், அறுந்த இழை அதில் மாட்டும். வெறுங்கை வேண்டாம். கழற்றிய நைலாக் நட்டுக்கு (தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) பதில் புதியது போடுங்கள்.