சண்டே ப்ரஞ்சுக்கு 12,000 ரூபாயா? நண்பன் எஸ்ஐபி போடச் சொல்றான்!

கேள்வி: வணக்கம் சார். வேளச்சேரில இருக்கோம், நானும் மனைவியும் வேலைக்குப் போறோம், ரெண்டு பேருக்கும் சேத்து கைக்கு 1,08,000 வருது. இன்னும் மூணு மாசத்துல எங்க பத்தாவது கல்யாண நாள். ரீல்ஸ் பாத்து பாத்து ஒரு ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல ஞாயித்துக்கிழமை ப்ரஞ்ச் (காலை டிபனும் மதிய சாப்பாடும் சேந்த பஃபே) போணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆளுக்கு 2,900 ப்ளஸ் டாக்ஸ், 7 வயசு பையனுக்கு பாதி ரேட். அம்மாவையும் கூட்டிட்டுப் போணும், அவங்க சைவம், சுகர் வேற. ஆபீஸ் நண்பன் "அந்தக் காச எஸ்ஐபில (மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல போடறது) போட்டா 20 வருஷத்துல ஒரு கோடிடா"ங்கறான். கார்டுல 46,000 பாக்கி இருக்கு, மாசம் 3.6% வட்டி, ஆனா மினிமம் ட்யூ, அதாவது பேங்க் கேக்கற குறைஞ்சபட்சத் தொகை, தவறாம கட்டிடறேன். சேவிங்ஸ்ல 85,000 இருக்கு. கார்டுலயே தேச்சு இஎம்ஐ ஆக்கிக்கலாமா, இல்ல ப்ரஞ்சே வேணாமா? நல்லா இருந்தா மாசா மாசம் போலாம்னு வேற சொல்றா.

பதில்: தாராளமா போயிட்டு வாங்க சார். கார்ட மட்டும் வீட்டுலயே வச்சிட்டுப் போங்க.

முதல்ல உங்க நண்பர் கணக்க முடிச்சிடுவோம். அவர் சொல்ற கோடி எப்ப வரும்னா, மாசம் 12,000 ரூபா 20 வருஷம் ஒரு மாசம்கூட விடாம போட்டு, அதுக்கு வருஷம் 12% கிடைச்சா சுமார் 1 கோடியே 20 லட்சம், கணக்கு சரிதான், ஆனா மியூச்சுவல் ஃபண்ட்ல 12% தர்றோம்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. நீங்க போறது ஒரே ஒரு தடவை. ஒரு தடவை 12,000 போட்டா அதே 12%ல 20 வருஷம் கழிச்சு 1,15,000 சொச்சம், விலைவாசி வருஷம் 6% ஏறுதுன்னு வச்சா இன்னைக்கு மதிப்புல அது 36,000. பத்தாவது கல்யாண நாள தியாகம் பண்ற அளவுக்கு அது ஒண்ணும் பெரிய தொகை இல்ல.

இப்ப கார்டு. மினிமம் ட்யூ கட்டினா லேட் ஃபீ வராது, சிபில்ல, அதாவது உங்க கடன் கணக்கு வச்சிருக்கற பதிவுல, தவணை தவறினதா ஏறாது, அவ்ளோதான், மீதிக்கு வட்டி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். 46,000க்கு 3.6%னா 1,656, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, ஆக மாசம் கிட்டத்தட்ட 1,950 ரூபா. ஆறு மாசத்துக்கு 11,700. அதாவது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க காசுல பேங்க் குடும்பத்தோட ப்ரஞ்ச் போயிட்டு வருது, நீங்க வீட்டுல உக்காந்து போலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கீங்க.

இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியறதில்ல. பழைய பாக்கி நிக்கிற கார்டுல புதுசா எது தேச்சாலும் அந்த 45 நாள் வட்டியில்லா காலம்லாம் கிடையாது, தேச்ச அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும். இஎம்ஐ ஆக்கினாலும் ப்ராசஸிங் ஃபீ, வட்டிக்கு ஜிஎஸ்டின்னு வரும். சாப்பாட்டுக்கு இஎம்ஐங்கறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம்.

அதனால சேவிங்ஸ்ல இருந்து 46,000 எடுத்து இந்த வாரமே கார்ட முழுசா அடைச்சிடுங்க, நீங்க கட்டற நாள் வரைக்கும் ஓடின வட்டி அடுத்த ஸ்டேட்மென்ட்ல கொஞ்சம் வரும், அதையும் கட்டிடுங்க. சேவிங்ஸ் காசுக்கு பெரிய பேங்க்ல 3% தேறினா பெரிய விஷயம், இந்தப் பக்கம் நீங்க குடுக்கறது வருஷத்துக்கு 43%. மீதி 39,000 அவசரத்துக்குப் பத்தாது, தெரியும், கார்டுக்கு மாசா மாசம் போயிட்டிருந்த காச இனிமே சேவிங்ஸுக்குத் திருப்பி விடுங்க. ப்ரஞ்சுக்குத் தனியா மாசம் 4,000 எடுத்து வைங்க, மூணு மாசத்துல 12,000 ரெடி.

பில் எவ்ளோ வரும்? பெரியவங்க மூணு பேர், பையன் அரை, மொத்தம் 10,150. ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500க்கு மேல வாங்குற ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட்னா ஜிஎஸ்டி 18%, உங்க ஹோட்டல் பெரும்பாலும் அந்த லிஸ்ட்லதான் இருக்கும், ஆக 11,977. இதே ரேட்டுல வெளில தனியா நடத்தற நல்ல ரெஸ்டாரன்ட்னா 5%தான், 10,658ல முடிஞ்சிடும், 1,300 ரூபா வித்தியாசம் வெறும் வரியிலயே. சர்வீஸ் சார்ஜ் 10% சேத்துட்டா அதுக்கும் ஜிஎஸ்டி ஏறி 13,175க்குப் போயிடும். சர்வீஸ் சார்ஜ பில்லுல தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைல சொல்லிச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணிச்சு. எடுக்கச் சொல்லுங்க, மாட்டேன்னா 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் பண்ணலாம். பரிமாறின பையனுக்கு மனசாரத் தோணினத கையில குடுங்க, அது வேற.

அம்மா விஷயம். வரியோட அவங்க ஒரு ஆளுக்கு 3,422 ரூபா. ப்ரஞ்ச்ல காசு போறதே பாதி கடல் அயிட்டம், கிரில், சீஸ், டெசர்ட் கவுன்ட்டருக்குத்தான், அவங்க ரெண்டு கரண்டி தயிர்சாதம் சாப்பிட்டு "இதுக்கா இவ்ளோ"ன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வருவாங்க. நீங்க மூணு பேர் மட்டும்னா 8,555தான். அம்மாவ அன்னைக்கு சாயங்காலம் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேல சாம்பார் இட்லிக்கு கூட்டிட்டுப் போங்க, இல்ல அவங்களுக்கும் அந்த ஹோட்டல பாக்கணும்னு ஆசை இருந்தா மறுபேச்சில்லாம கூட்டிட்டுப் போங்க, பாக்கற ஆசைக்கும் ரேட் உண்டு. எதுன்னு அவங்ககிட்ட பக்குவமா கேக்கவேண்டியது உங்க வேலை, நான் வரல அதுக்கு.

மாசா மாசம்னா வருஷத்துக்கு 1,44,000. உங்க ரெண்டு பேர் ஒரு மாச சம்பளத்த விட அதிகம், வேணாம் சார். வருஷத்துக்கு ரெண்டு தடவை வச்சுக்கோங்க, அதுல ஒண்ண வார நாள் லஞ்ச் பஃபேயா மாத்தினா அதே கிச்சன், அதே செஃப், ரேட் பெரும்பாலும் கம்மியா இருக்கும். ஹோட்டல் மெம்பர்ஷிப் கார்டு விக்க போன் வரும், ரெண்டு தடவை போறவங்களுக்கு அந்த வருஷச் சந்தா காசே திரும்பி வராது.

ரெஸ்டாரன்ட் தள்ளுபடி தர்ற ஆப்கள் ஈசிடைனர், ஸ்விகி டைன்அவுட், டிஸ்ட்ரிக்ட் மூணுலயும் அந்த ஹோட்டல் இருக்கான்னு பாருங்க, ஆனா தள்ளுபடி ப்ரஞ்சுக்கும் உண்டா இல்ல ஆ லா கார்ட்டுக்கு (மெனு பாத்து தனித்தனியா ஆர்டர் பண்றது) மட்டுமான்னு டேபிள் புக் பண்ணும்போதே கேட்டுடுங்க, ஞாயித்துக்கிழமை பஃபேவ ஒதுக்கி வச்சிருக்கறது சகஜம். கூடவே பையன் வயசுக்கு பாதி ரேட் தானா, தண்ணி பாட்டில், காபி உள்ள வருதா தனியாங்கறதையும் கேளுங்க. பில்லு வந்ததும் யுபிஐல கட்டிட்டுக் கிளம்புங்க. கல்யாண நாள்னு புக்கிங்லயே சொல்லிடுங்க, நிறைய இடத்துல ஒரு சின்ன கேக் ஃப்ரீயா வைப்பாங்க.