அம்மப்பாவின் துப்பாக்கி உறைக்கு எண்ணெய் பூச வேண்டாம்

வணக்கம் அண்ணா,

அம்மப்பா திருக்கோணமலை டொக்யாட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வேலை செய்தவர். அவருடைய இரும்புப் பெட்டிக்குள் தோலால் செய்த ஒரு துப்பாக்கி உறை கிடந்தது. துப்பாக்கி இல்லை, உறை மட்டும். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போல ஏதோ இருக்கிறது. உள்ளே மூன்று கோடும் 1942 போல ஓர் இலக்கமும் தெரிகின்றன. பழைய சாமான் வாங்கும் ஒருவர், இது ஜப்பான் அதிகாரியுடையது, துடைத்து மினுக்கித் தந்தால் அதிக விலை தருவேன் என்கிறார். அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறா. என்ன செய்யட்டும்?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

முதலில் எண்ணெய்ப் போத்தலைத் திரும்பக் குசினியில் வைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தோலுக்குள் போய்க் காறிப்போகும், தோலைக் கறுக்கவைக்கும், மாரி தொடங்கியதும் பூஞ்சணத்துக்கு அதுவே தீனியாகிவிடும். சப்பாத்து பொலிஷும் வேண்டாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் எனக்குக் கிடைத்த ஓர் உறையை நான் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன், காய்ந்தபோது மூடியின் உட்பக்கத்தில் மையால் எழுதியிருந்த சிப்பாயின் பெயரும் இலக்கமும் போய்விட்டன. அந்த மனிதர் யாரென்று இனி ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

சரி, அது யாருடையது? ஜப்பான் கதையை நான் நம்பவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன என்பது உண்மை, ஆனால் ஜப்பான் படை இலங்கையில் கரையிறங்கவே இல்லை. பர்மாவிலிருந்து யாராவது நினைவுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று வாதாடலாம்தான். ஆனால் ஜப்பானின் 14ஆம் வகை 'நம்பு' என்ற கைத்துப்பாக்கியின் உறைக்குச் சிப்பி ஓடு போலக் குவிந்த பெரிய மூடி இருக்கும், தோட்டா வைக்கத் தனிப் பை இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டையும் காணவில்லை.

உள்ளே இருக்கும் மூன்று கோடு காக்காக்கால் போலத் தெரிகிறதா? அது பிரித்தானிய அரசுச் சொத்துக்கான அம்பு முத்திரை. அம்போடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியாவில் செய்தது, 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, இரண்டு 'டி'க்கு நடுவில் என்றால் அவுஸ்திரேலியா. அந்தக் காலத்து அதிகாரிகள் பலர் சாம் பிரவுண் என்ற, தோளுக்குக் குறுக்கே வார் போகும் தோல் இடுப்புப் பட்டியையும் உறையையும் தங்கள் காசில் வாங்கினார்கள், அவற்றில் பெரும்பாலும் கடைக்காரர் பெயர்தான் இருக்கும். அம்பு இருந்தால் அரசு கொடுத்தது என்று நினைக்கலாம். எந்தத் துப்பாக்கிக்கு என்பதை உள் நீளம் ஓரளவு சொல்லிவிடும்: என்ஃபீல்ட் .38 சுழல்துப்பாக்கி சுமார் 26 சென்ரிமீற்றர், வெப்லி ஆறாம் மார்க் .455 சுமார் 28.5.

சுத்தம் செய்வதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் ஒட்டினால் தோல் உள்ளுக்குள் இற்றுப்போகிறது என்று பொருள், அதைத் திருப்ப வழி இல்லை, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறுத்து இறுகிவிடும். தூள் ஒட்டாவிட்டால், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு முற்றத்தில் வைத்து மென்மையான பிறஷால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். பச்சை மெழுகு என்பது பித்தளையிலுள்ள செம்பும் தோலிலுள்ள கொழுப்பும் சேர்ந்து உண்டானது, அதைப் பல்லுக்குத்தும் குச்சியால் சுரண்டினால் போதும், பித்தளையை மினுக்க வேண்டாம். வெயிலில் வைக்காதீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் ஈரம் தானாகப் போகும். அப்புறம் வெள்ளைக் கடதாசியைக் கசக்கி உள்ளே வைத்து வடிவத்தைத் தாங்கவையுங்கள். பொலித்தீன் பையில் மட்டும் கட்டிவைக்காதீர்கள், வியர்த்து மறுபடி பூஞ்சணம் பிடிக்கும்.

விலை பற்றி. மினுக்கித் தரச் சொல்பவரிடம் விற்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பது முத்திரை, வருடம், பழைய தையல் நூல், கை படாத மேற்பரப்பு, இவற்றைத்தான். இரவில் புற ஊதா டோர்ச் அடித்தால் நூல் நீலமாக ஒளிர்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிற்காலத்தில் தைத்தது. பிரித்தானிய உறைகள் உலகத்தில் நிறைய இருப்பதால் உங்களுடையதற்குப் பெரிய தொகை வராது. ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கி உறை, ஜப்பான் உறை போன்றவற்றுக்குத்தான் நல்ல விலை, அந்த மனிதர் ஜப்பான் என்று சொல்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் தம்பி, உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் இப்படியொரு சாமான் வீட்டில் இருப்பதே எவ்வளவு பயம் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். எங்கள் பெரியப்பாவின் தோல் பட்டியை நாங்கள் அடுப்பில்தான் போட்டோம். உங்கள் அம்மப்பா இதை அத்தனை வருடமும் ஒளித்து வைத்திருக்கிறார் என்றால் ஒரு காரணம் இருந்திருக்கும், அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். கடற்படைத் தளம் 1957இல் கைமாறியபோது அவர் அங்கே வேலையில் இருந்தாரா என்றும் கேளுங்கள்.

இருட்டறையில் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, முத்திரையின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி ஒரு படம் எடுங்கள், தேய்ந்த எழுத்தும் அப்போது எழும்பித் தெரியும். அந்தப் படத்தையும் உள் நீளத்தையும் எனக்கு அனுப்புங்கள்.