எந்தப் புரூட்டஸ்?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், ஆண்டனியின் இரங்கல் உரை முடிந்ததும் வகுப்பு முழுவதும் ஆண்டனியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘நீயுமா புரூட்டஸ்’ என்பதை நம் மேடைப் பேச்சுகளில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், புரூட்டஸ் நண்பனைக் குத்திய துரோகி என்பதற்கு மேல் எதையும் ஏற்க மறுக்கிறார்கள். நாடகமோ இறுதியில் அவரை ரோமானியர் எல்லாரிலும் மேன்மையானவர் என்கிறது. வரலாற்றில் அவர் எப்படிப்பட்டவர்? சீசரின் பதவி ஆசைதான் அவரது கொலைக்குக் காரணமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உங்கள் மாணவர்கள் துரோகியைத் தேடுகிறார்கள் என்றால், மார்க்கஸ் புரூட்டஸைவிடப் பொருத்தமான ஒருவர் அதே நாடகத்தில் இருக்கிறார். இரண்டாம் அங்கத்தில் சீசரின் வீட்டுக்கு வந்து அவரைச் செனட்டுக்கு அழைத்துச் செல்லும் டெசியஸ் புரூட்டஸைத்தான் சொல்கிறேன். வரலாற்றில் அவருடைய பெயர் டெசிமஸ் புரூட்டஸ். மார்க்கஸ் உள்நாட்டுப் போரில் சீசரின் எதிரணித் தலைவரான பாம்பேயின் பக்கம் நின்று, கி.மு. 48இல் பார்சாலஸ் போரில் தோற்ற பின் சீசரால் மன்னிக்கப்பட்டவர். டெசிமஸ் தொடக்கம் முதலே சீசரின் ஆள். கி.மு. 56இல், இன்றைய பிரான்ஸ் அடங்கிய காலியாவின் மேற்குக் கடற்கரையில் வெனெட்டி இனத்தாரின் கப்பற்படையைச் சீசருக்காக முறியடித்தவர்; கி.மு. 49இல், இன்று மார்செய் எனப்படும் மசிலியாவின் முற்றுகையில் சீசரின் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். சீசரின் உயிலில், முதல் வாரிசுகள் இல்லாமற்போனால் சொத்தைப் பெறவேண்டியவர்களின் வரிசையில் அவர் பெயர் இருந்தது. ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியும், கி.மு. 42ஆம் ஆண்டுக்கு, அவருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

கி.மு. 44 மார்ச் 14 அன்று இரவு, தம் அணியைச் சேர்ந்த லெபிடஸின் வீட்டு விருந்துக்குச் சீசர் தம்முடன் டெசிமஸையும் அழைத்துச் சென்றார். எந்த மரணம் சிறந்தது என்று பேச்சு எழுந்தபோது, எதிர்பாராமல் வருவதே என்று சீசர் சொன்னது அந்த விருந்தில்தான். மறுநாள் காலை, மனைவி கல்பூர்னியா கண்ட கெட்ட கனவினால் சீசர் செனட்டுக்குப் போவதைத் தள்ளிவைக்க எண்ணினார். அப்போது வீட்டுக்கு வந்து, உங்கள் மனைவி நல்ல கனவு காணும்வரை செனட் காத்திருக்க வேண்டுமா என்று ஊர் ஏசாதா என்று கேட்டவர் டெசிமஸ். பேசிக்கொண்டே அவர் சீசரின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். சீசரின் உடலில் இருந்த காயங்கள் 23 என்பார்கள். அவை அனைத்தையும்விட அந்தக் கைப்பிடிதான் எனக்குக் கொடியதாகத் தெரிகிறது.

இவ்வளவு பெற்ற ஒருவர் ஏன் இதைச் செய்தார்? உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. ரோமில் உயர்குடியில் பிறந்த ஆணுக்குப் பதவி ஆசை குற்றமாகக் கருதப்படவில்லை. அது இல்லாதிருப்பதுதான் குறை. நிதியைக் கவனிக்கும் குவைஸ்டர், நீதியைக் கவனிக்கும் பிரீட்டர், அதற்கு மேல் கான்சல் என்று ஏறவேண்டிய படிகளும், ஒவ்வொன்றுக்கும் உரிய வயதும் சட்டத்தில் வகுக்கப்பட்டிருந்தன. கான்சலாவதற்கு 42 வயது ஆகியிருக்க வேண்டும். உயர்பதவி வகித்த முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டு முன்கூடத்தில் பேழைகளில் வைத்திருப்பார்கள். குடும்பத்தில் ஒரு சாவு நேர்ந்தால், ஆட்கள் அந்த முகங்களை அணிந்து, அந்தந்தப் பதவிக்குரிய ஆடையோடு இறுதி ஊர்வலத்தில் நடந்து செல்வார்கள். அப்படி ஒரு வீட்டில் வளரும் சிறுவன் அந்த வரிசையில் தன் முகமும் ஒருநாள் இடம்பெற வேண்டும் என்று எண்ணாமல் இருக்க முடியுமா? கான்சல்கள் ஆண்டுக்கு இருவர்; ஓராண்டு முடிந்ததும் இறங்கி வழிவிட வேண்டும். பல நூறு ஆசைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, எதையும் நெடுநாள் நிலைக்க விடாமல் பார்த்துக்கொண்டதே ரோமானியக் குடியரசு.

சீசரின் ஆசை பெரியது என்பதற்காக அவரைக் கொன்றார்கள் என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்களின் ஆசைகளுக்குரிய வழியை அவர் அடைத்துவிட்டார். கி.மு. 45ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒரு கான்சல் இறந்துபோக, மீதமிருந்த சில மணி நேரத்துக்கு கனினியஸ் ரெபிலஸ் என்பவரைச் சீசர் கான்சலாக்கினார். அந்த கான்சலின் ஆட்சியில் ஒருவரும் காலை உணவு உண்ணவில்லை என்றும், தம் பதவிக்காலம் முழுவதும் அவர் கண்ணயரவே இல்லை என்றும் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ நண்பர் ஒருவருக்கு எழுதினார். உடனே, நீங்கள் இதை நேரில் கண்டால் கண்ணீரை அடக்க மாட்டீர்கள் என்றும் சேர்த்தார். அடுத்த சில வாரங்களில் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார்; கிழக்கே இருந்த பார்த்தியப் பேரரசின் மீது படையெடுத்துச் செல்லும் காலத்துக்கான பதவிகளையும் முன்கூட்டியே நிரப்பினார். டெசிமஸுக்குக் கிடைத்த கான்சல் பதவியும் அப்படி வந்ததுதான். முன்னோர்கள் போட்டியிட்டு வென்றதை அவர் ஒருவரின் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சீசரின் மன்னிப்பும் இதே வகையைச் சேர்ந்தது: ஒருவரை மன்னிப்பவர் அவருக்கு மேலானவர் ஆகிவிடுகிறார். அதை ஏற்க மனமில்லாமல்தான் சீசரின் தீவிர எதிரியான கேட்டோ கி.மு. 46இல் வட ஆப்பிரிக்காவின் யூட்டிகாவில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய சகோதரி மகனும் மருமகனுமான மார்க்கஸ் புரூட்டஸ் அதே மன்னிப்பைப் பெற்று, பிரீட்டர் பதவியையும் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார்.

அந்த மார்க்கஸ் மேன்மையானவரா? இதற்கு சிசரோவின் கடிதங்களில் ஒரு சாட்சியம் இருக்கிறது. கி.மு. 51இல், இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருந்த சிலிசியாவின் ஆளுநராகச் சென்ற சிசரோவிடம், சைப்ரஸில் உள்ள சலாமிஸ் நகரத்தார் ஒரு முறையீடு கொண்டுவந்தனர். அந்நகருக்குக் கடன் கொடுத்தவராக வந்த ஸ்காப்டியஸ் என்பவர் முந்தைய ஆளுநரிடம் குதிரைப்படையைப் பெற்று, அவர்களுடைய நகர்மன்றத்தை உறுப்பினர்களோடு முற்றுகையிட்டு வைத்ததில், ஐந்து பேர் பட்டினியால் இறந்திருந்தனர். ஸ்காப்டியஸ் கேட்டது 48 சதவீத வட்டி. சிசரோ அனுமதித்த உச்சவரம்பு 12 சதவீதம். குதிரைப்படையைத் தீவிலிருந்து வெளியேற்றிய சிசரோவுக்குப் பின்னர்தான் தெரிந்தது, கடன் கொடுத்த பணம் உண்மையில் புரூட்டஸுடையது என்று. நகரத்தார் 12 சதவீதத்தில் கணக்கைத் தீர்க்க ஆயத்தமாக இருந்தும் ஸ்காப்டியஸ் வாங்க மறுத்தார். சிசரோவும் புரூட்டஸைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல், வழக்கை முடிக்காமலே விட்டுச் சென்றார்.

நாடகத்தின் நான்காம் அங்கத்தில், கூடாரத்தில் புரூட்டஸ் தம் கூட்டுச் சதிகாரரான காசியஸின் பணத்தாசையைச் சாடுவதையும், இழிவான வழியில் என்னால் பணம் திரட்ட முடியாது என்று முழங்குவதையும் இந்தப் பின்னணியில் வாசித்துப் பாருங்கள். அதே மூச்சில் அவர் காசியஸிடம் பணம் கேட்டு அனுப்பியதையும், அது மறுக்கப்பட்டதையும் சொல்லிக் கோபப்படுகிறார். ஷேக்ஸ்பியருக்குப் பெரிதும் துணையாக இருந்தது புளூட்டார்க். சலாமிஸ் கதை தெரியாமலே அந்த மனிதரின் உள்முரணை அவர் தொட்டுவிட்டார் என்பதில் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இதனால் புரூட்டஸை வெறும் வேடதாரி என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. குடியரசை அவர் உண்மையாகவே நேசித்தார். ஆனால் அவர் நேசித்த சுதந்திரம், முன்கூடத்தில் மெழுகு முகங்கள் வைத்திருந்த குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் சுதந்திரம். சலாமிஸ் நகரத்தாருக்கு அதில் இடமில்லை. ரோமின் ஏழைகளுக்கும் அதில் பெரிய பங்கு இல்லை. சீசர் உயிலில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 300 செஸ்டர்ஸ் என்னும் ரோமானிய நாணயங்களை எழுதிவைத்திருந்தார். நாடகத்தில் ஆண்டனி, கிரேக்க நாணயக் கணக்கில் 75 டிராக்மா என்று படித்துக் காட்டுவது அதைத்தான். சந்தையில் கூடிய அந்த மக்களைச் சபலபுத்தி உள்ளவர்கள் என்று பாடநூல்கள் எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகின்றன. தங்களுக்குப் பயன்படாத ஒரு சுதந்திரத்தைக் கைவிட்டு, கொடுத்தவரை நினைத்து அழுதவர்களை நான் அப்படிப் பழிக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. உயிரோடிருக்கும்போதே ரோமின் நாணயத்தில் தம் தலையைப் பொறித்துக்கொண்ட முதல் ரோமானியர் சீசர். அரசனாக எண்ணுகிறார் என்ற ஐயத்தை வளர்த்தவற்றில் அதுவும் ஒன்று. படை திரட்டிக்கொண்டு கிழக்கே இருந்தபோது புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு குத்துவாள்களும் விடுதலை பெற்ற அடிமையின் தொப்பியும் இருக்கின்றன. மறுபக்கத்தில் இருப்பது புரூட்டஸின் தலை.

அடுத்த ஆண்டு வகுப்பில் கூடாரக் காட்சியை முதலிலும் இரங்கல் உரையைப் பின்னரும் நடத்திப் பாருங்கள். சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் சலாமிஸ் பற்றியவை ஆங்கில மொழிபெயர்ப்பில் எளிதாகக் கிடைக்கும்; அவற்றையும் மாணவர்களிடம் கொடுங்கள். அதன்பின் ஆண்டனி பேசும்போது அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை எனக்கு அவசியம் எழுதுங்கள்.