ஜேம்ஸ் அரியணை ஏறிய நாள்: 1602ஆ, 1603ஆ?
1603 என்றே எழுதுங்கள். ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கு இங்கிலாந்து அரியணை கிடைத்த மார்ச் 24ஐ, நீங்கள் பார்த்த லண்டன் ஆவணம் 1602 என்று குறிப்பது பிழையல்ல.

இங்கிலாந்தில் அப்போது ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். அரசி எலிசபெத் இறந்தது அதற்கு முந்தைய நாள். ஸ்காட்லாந்தோ 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. இங்கிலாந்து மாற 1752 ஆனது.

அக்கால ஆவணம் எதுவானாலும், எழுதப்பட்டது ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலா லண்டனிலா என்று முதலில் பாருங்கள். லண்டன் என்றால், ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு மட்டும் ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள். பிற்கால அச்சுப் பதிப்பானால் பதிப்பாசிரியரே கூட்டியிருக்கலாம், முன்னுரையைப் படித்துவிடுங்கள்.

தேதியில் நாள் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். இரு நாடுகளிலும் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டிதான். பத்து நாள் வித்தியாசம், பிரான்ஸ் போல புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்த நாடுகளின் கடிதங்களில்தான் வரும்.