பொய் என்று தெரிந்த பிறகும் உங்கள் மனதை விட்டுப் போகாத 'அமானுஷ்ய' புகைப்படம் எது?

காட்டிங்லி தேவதைகள். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பக்கத்தில் காட்டிங்லி என்றொரு சிற்றூர். 1917இல் அங்கே பதினாறு வயது எல்சி ரைட்டும், அவளுடைய உறவுக்காரச் சிறுமி ஒன்பது வயது பிரான்சிஸும் எடுத்த படம் அது. ஓடைக்கரையில் பிரான்சிஸ் கன்னத்தில் கைவைத்தபடி இருப்பாள். அவள் முன்னால் சாண் உயரப் பெண்கள், சிறகோடு, ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் படத்தை எங்கள் கிளை நூலகத்தில் ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. கீழே எழுதியிருந்ததைப் படிக்குமளவு ஆங்கிலம் வராது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இவர்கள் நம்ம கன்னிமார்தான்" என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏன் அப்படித் தோன்றியது என்றால், எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. படித்துறையை ஒட்டி ஒரு மருத மரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். உச்சி வெயிலில் ஆற்றுப் பக்கம் போனால் அப்பாயி கத்துவாள். "கன்னிமார் குளிக்கிற நேரம்டி, ஆம்பளையா இருந்தாலும் பொம்பளையா இருந்தாலும் அந்தப் பக்கம் போகக்கூடாது." மேட்டூர் ஜூன் 12இல் திறந்து, கல்லணையும் திறந்த பிறகு, காய்ந்து கிடந்த மணலில் புதுத்தண்ணீர் நுரையைத் தள்ளிக்கொண்டு வரும். நாங்கள் அதற்கு முன்னால் ஓடுவோம். அந்த நுரையோடு ஏழு பேரும் வருகிறார்கள் என்பாள். ஆடிப்பெருக்கில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் அவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்து அடி வாங்காத நாள் குறைவு.

கல்லூரி நாட்களில்தான் காட்டிங்லியின் முழுக் கதையும் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பிரான்சிஸ் ஓடையே கதியென்று கிடந்தவள். செருப்பையும் துணியையும் நனைத்துக்கொண்டு வந்து திட்டு வாங்குவாள். தேவதைகளைப் பார்க்கத்தான் போகிறேன் என்றாள், யாரும் நம்பவில்லை. எல்சி 1914இல் வந்த ஒரு சிறுவர் புத்தகத்தின் படங்களைப் பார்த்து உருவங்களை வரைந்து, வெட்டி, தொப்பியில் குத்தும் ஊசிகளால் நிறுத்திவைத்தாள். அப்பாவின் கேமராவை வாங்கிப்போய்ப் படம் எடுத்தார்கள். நனைந்த செருப்பில் தொடங்கியது என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படத்தைக் கவனமாகப் பார்த்தால் விஷயம் அதிலேயே இருக்கிறது. பின்னால் விழும் தண்ணீர் பஞ்சு போல மங்கியிருக்கும், ஷட்டர் அவ்வளவு மெதுவாகத் திறந்து மூடியிருக்கிறது. ஆடுகிறவர்களின் சிறகோ அசையாமல் கூர்மையாகப் பதிந்திருக்கும்.

இது வீட்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய விளையாட்டு. எல்சியின் அம்மா 1919இல் பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) கூட்டமொன்றுக்குப் போனார். நம் அடையாறில் தலைமையகம் உள்ள அதே சபை. படங்கள் அங்கே கைமாறி, சபையைச் சேர்ந்த எட்வர்டு கார்டனரிடம் போய், கடைசியில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலை எட்டின. 1920 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் அவரே உண்மை என்று எழுதினார். உலகப்போர் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்த காலம், டாயிலும் 1918இல் மகன் கிங்ஸ்லியைப் பறிகொடுத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று இருக்கிறது என்பதற்கு அவருக்கு அத்தாட்சி தேவைப்பட்டது. அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் நம்பிய பிறகு அந்தப் பெண்களால் எப்படி வாயைத் திறக்க முடியும்? 1983இல், கிழவிகளான பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அறுபத்தாறு வருடம்! குழந்தைகள் மேல் அந்தப் பாரத்தை ஏற்றியது பெரியவர்கள்தான் என்பது என் எண்ணம். அத்தாட்சி கேட்டுப் புதுக் கேமராவும் படம் பதியும் கண்ணாடித் தட்டுகளும் கொடுத்து 1920இல் இன்னும் மூன்று படங்கள் எடுக்க வைத்ததும் அவர்கள்தானே.

அந்தக் கடைசி மூன்றில் ஒன்று, ஐந்தாவது படம். புல்லுக்கு நடுவே புகைபோல மங்கலாகச் சில உருவங்கள். எல்சி ஐந்தும் பொய் என்றாள். பிரான்சிஸ் மட்டும் அந்த ஒன்று உண்மை என்று 1986இல் சாகும்வரை சொன்னாள். ஒரே தட்டில் இரண்டு முறை பதிந்துபோன படமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவள் ஏன் அந்த ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

அப்பாயி சின்ன வயதில் ஒரு நாள் உச்சியில் படித்துறைக்குப் போனாளாம். யாருமே இல்லையாம். கல் படியில் ஈரக் காலடிகள் மட்டும் மேலே ஏறிப் போயிருந்ததாம், ஏழு ஜோடி. எத்தனை முறை கேட்டாலும் அதே ஏழுதான், ஒன்று கூடவோ குறையவோ சொன்னதில்லை. அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நிஜமாகப் பார்த்தியா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.